காணி வெட்டுமுன்: உடும்பைப் பற்றிச் சில விடயங்கள்

இடம்பெயர்ந்து போய்ப் பல வருடங்களின் பின் சொந்தக் காணிக்குத் திரும்பும் குடும்பம் முதலில் செய்கின்ற வேலை பற்றை வெட்டுவதுதான். 2009ஆம் ஆண்டுக்குப் பின் மாந்தை மேற்கிலும் மடுவிலும் முசலியிலும் இதைத்தான் கண்டோம். வயல் எது, வளவு எது என்று அடையாளம் தெரியாத அளவுக்குக் காடு ஏறியிருந்தது. கைக்கத்தியும் கோடரியும் மட்டும் இருந்தவர்கள் நாள்கணக்கில் வெட்டினார்கள். உதவி கிடைத்தவர்கள் டோசர் பிடித்தார்கள். டோசருக்கு மணித்தியாலக் கணக்கில் காசு. ஓடுகிற நேரமெல்லாம் காசாகப் போகும்போது சாரதியை நிறுத்தி, "இந்தக் கல்லை விடு, அந்தப் புற்றை விடு" என்று சொல்ல எவருக்கு மனம் வரும்? கல்லும் புற்றும் பொந்து விழுந்த பாலை மரமும் ஒன்றாகக் காணியின் மூலைக்குத் தள்ளப்பட்டு, ஒரு கிழமை காய்ந்தபின் தீ வைக்கப்படும்.

அந்தக் கல்லிலும் புற்றிலும் பொந்திலும் குடியிருந்தது யார் என்பதையே இக்கட்டுரை சொல்லப் போகிறது. இன்னும் சொந்தக் காணிக்குத் திரும்ப முடியாமல் இருக்கும் குடும்பங்களுக்கும், பிள்ளைகளுக்குப் புதுக் காணி வெட்டிக் கொடுக்க நினைப்பவர்களுக்கும் இது முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது.

உடும்பு என்றால் என்னவென்று எமது மக்களுக்குச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. வேலிக்கரையில் அது ஓடுவதைக் காணாத பிள்ளை கிராமத்தில் இல்லை. நன்றாகத் தெரிந்த பிராணி என்பதாலேயோ என்னவோ, அதைப் பற்றி மேலும் விசாரிக்க யாரும் முயல்வதில்லை. இறைச்சி எப்படி இருக்கும் என்று கேட்டால் பத்துப் பேர் பதில் சொல்வார்கள். அது எங்கே முட்டையிடும் என்று கேட்டால் பெரும்பாலும் மௌனம்தான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். எமது நாட்டில் இரண்டு வகை உடும்புகள் உள்ளன. ஒன்று தரை உடும்பு. சிங்களத்தில் தலகொய்யா என்பார்கள். மற்றது நீர் உடும்பு. அதைத்தான் கபரகொய்யா என்று எல்லோரும் அழைக்கிறோம். கபரகொய்யா பெரியது, கரிய உடலில் மஞ்சள் புள்ளிகளும் வளையங்களும் இருக்கும், குளம், வாய்க்கால், ஆற்றங்கரையை விட்டு அதிக தூரம் போகாது. தரை உடும்பு மண்ணிறம் அல்லது சாம்பல் நிறம். நன்கு வளர்ந்தது தலை முதல் வால் நுனிவரை ஒன்றரை மீற்றரையும் தாண்டும். அதில் பாதிக்கு மேல் வால்தான். சந்தேகம் வந்தால் மூக்கைப் பாருங்கள். கபரகொய்யாவின் மூக்குத் துவாரம் வட்டமாக, முகத்தின் நுனிக்கு அருகில் இருக்கும். தரை உடும்பின் துவாரம் சரிந்த கீறல் போல, கண் பக்கமாகத் தள்ளி இருக்கும். மண்ணையும் சாணத்தையும் மூக்கால் கிளறித் தின்னும் பிராணிக்கு, துவாரம் நுனியில் இல்லாமல் பின்னால் இருப்பது வசதியானது என்று சொல்லத் தோன்றுகிறது.

நாம் இங்கே பேசப் போவது பெரும்பாலும் தரை உடும்பைப் பற்றியே. இது இலங்கைக்கு மட்டும் உரியதன்று. ஈரான் தொடங்கி இந்தியா முழுவதும், பர்மா வரையும் பரந்து வாழ்கின்றது. 1802இல் தோதான் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி வங்காளத்தின் பெயரால் இதற்கு விஞ்ஞானப் பெயர் சூட்டினார். ஆனபடியால் எமது மடுக் காட்டு உடும்பும் உலகத்தின் நூல்களில் 'வங்காள உடும்பு'தான்! இதன் உறவினரில் மிகப் பெரியது இந்தோனேசியாவின் கொமோடோ தீவில் வாழ்கின்றது. அது 3 மீற்றர் வளரும், மானையும் எருமையையும் வீழ்த்தும். எமது உடும்பு அவ்வளவு பயங்கரமானதல்ல. வண்டும் புழுவும் அதற்குப் போதும்.

மன்னார்த் தீவில் பெரிய கற்பாறைகளைக் காண முடியாது. அங்கே மணலும் முருகைக்கல்லும் உடைமரமும் பனையும்தான். பாலத்தைக் கடந்து பெருநிலப்பரப்புக்கு வந்து, கட்டுக்கரைக்குளத்து வயல்களையும் தாண்டி மடுப் பக்கம் போகப் போகத்தான் பாலையும் வீரையும் முதிரையும் நிற்கும் காடு தொடங்கும். நிலத்திலிருந்து முதுகு காட்டும் பாறைகளும் அங்கேதான் தென்படும். இப்பிரதேசம் வருடத்தில் பெரும் பகுதி வெயிலில் காயும் வரண்ட பூமி. மழை ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் கொட்டிவிட்டுப் போய்விடும். இப்படியான பூமிக்கு ஏற்ற உடலமைப்பு உடும்புக்கு இருக்கின்றது.

உடும்பின் உடலுக்கு எம்மைப் போலச் சொந்தமாகச் சூடு உண்டாக்கும் வசதி கிடையாது. இரவில் பொந்தில் கிடந்து குளிர்ந்துபோன உடலோடு அது விடியற்காலையில் ஓட முடியாது. சூரியன் ஏறியதும் மெல்ல வெளியே வந்து பாறையின் மேல், அல்லது புற்றின் கிழக்குப் பக்கத்தில், உடலைத் தட்டையாக்கிப் படுத்திருக்கும். கல் வெயிலை வாங்கிச் சேமித்து வைக்கின்றது. மேலே வெயில், கீழே கல் என இரண்டு பக்கமும் சூடேறிய பின்னரே உடும்பு இரை தேடப் புறப்படும். மதிய வெயில் தாங்க முடியாமற் போனால் அதே பாறையின் பிளவுக்குள் போய்விடும். வெளியே கொதித்தாலும் பிளவின் உள்ளே குளிர்ச்சி இருக்கும். ஆக, ஒரு பாறை உடும்புக்கு அடுப்பாகவும் நிழலாகவும் படுக்கையாகவும் பயன்படுகின்றது. எரிக் விக்ரமநாயக்க என்ற ஆய்வாளர் 1990களில் இலங்கையின் இரண்டு உடும்புகளையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார். தரை உடும்பு திறந்த, சூடான இடங்களையும் கபரகொய்யா நீரோடு சேர்ந்த குளிர்ந்த இடங்களையும் தேர்ந்துகொள்வதை அவரது ஆய்வுகள் காட்டின. இரண்டும் ஒரே ஊரில் சண்டையின்றி வாழ்வதற்கு இந்தச் சூட்டுக் கணக்கு ஒரு காரணம்.

பாறை இல்லாத இடத்தில் கறையான் புற்று இருக்கும். அதுவும் இல்லாவிட்டால் மரப்பொந்து. உடும்புக் குஞ்சுகள் அதிகமாக மரத்திலேயே வாழ்பவை. பருந்துக்கும் பாம்புக்கும் கீரிக்கும், ஏன் பெரிய உடும்புக்கும்கூடப் பயந்து அவை கொப்பிலும் பட்டையிடுக்கிலும் ஒளிந்திருக்கும். வளர வளரத் தரைக்கு இறங்கிவிடும்.

உடும்பு நடக்கும்போது நாக்கை நீட்டி நீட்டி இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். பாம்பைப் போலவே பிளந்த நாக்கு. பல்லிக்கும் ஓணானுக்கும் இப்படியொரு நாக்குக் கிடையாது. காற்றிலும் மண்ணிலும் உள்ள வாசனையை இந்த நாக்கு ஒற்றியெடுத்து, வாயின் மேல்தட்டில் உள்ள ஒரு விசேட உறுப்பிடம் கொண்டுபோய்க் கொடுக்கின்றது. நாக்கு இரண்டாகப் பிரிந்திருப்பதனால் வாசனை இடப்பக்கம் கூடவா, வலப்பக்கம் கூடவா என்று உடும்பால் கணக்கிட முடியும். நிலத்துக்கு அடியில் இருக்கும் வண்டுப் புழு, பற்றைக்குள் கோழி இட்ட முட்டை, செத்த மாடு ஆகியவற்றை அது தவறாமல் கண்டுபிடிப்பது இப்படித்தான்.

அதன் கழுத்துக்கும் ஒரு வேலை இருக்கின்றது. மற்றப் பல்லி இனங்கள் வேகமாக ஓடும்போது நன்றாக மூச்சு வாங்க முடியாது. ஓட்டத்துக்கும் மூச்சுக்கும் ஒரே விலாத் தசைகள்தான். ஆகவே கொஞ்சம் ஓடி, நின்று, மீண்டும் ஓடும். உடும்பு இனம் தொண்டையைத் துருத்தி போல ஊதிச் சுருக்கிக் காற்றை நுரையீரலுக்குள் தள்ளுகின்றது. ஆபிரிக்க உடும்பு ஒன்றை வைத்து இதை 1999இல் விஞ்ஞானிகள் உறுதிப்படுத்தினார்கள். துரத்திப் போன நாய் களைத்துத் திரும்பும்போதும் உடும்பு ஓடிக்கொண்டிருப்பதன் இரகசியம் இதுவே.

இனி 'உடும்புப் பிடி' என்பதைப் பார்ப்போம். மராட்டிய வீரர் தானாஜி 1670இல் சிங்ககட் கோட்டையைப் பிடிக்கும்போது, உடும்பின் இடுப்பில் கயிறு கட்டிச் சுவரில் ஏறவிட்டு, அந்தக் கயிற்றைப் பிடித்துப் படைவீரர் ஏறினர் என்று ஒரு கதை இருக்கின்றது. கோட்டையைப் பிடித்தது சரித்திரம். உடும்புப் பகுதி பிற்காலத்துச் சேர்க்கையாகவே இருக்க வேண்டும். ஐந்தாறு கிலோ நிறையுள்ள பிராணி, மனிதனின் பாரத்தை வெறும் நகத்தால் தாங்காது. எனினும் அந்தக் கதை முளைப்பதற்கு ஓர் உண்மையான வித்து உண்டு. பாறைப் பிளவுக்குள் புகுந்த உடும்பை வாலில் பிடித்து இழுத்துப் பாருங்கள் என்று சொல்ல வரவில்லை, இழுத்தவர்களைக் கேளுங்கள். அது நகங்களைக் கல்லின் சொரசொரப்பில் ஊன்றிக்கொண்டு, நுரையீரல் நிறையக் காற்றை இழுத்து உடலைப் பருக்க வைக்கும். உடல் பிளவின் இரண்டு பக்கச் சுவரிலும் ஆப்புப் போல இறுகிவிடும். இழுக்க இழுக்க இன்னும் இறுகும். நகத்தின் பலத்தோடு காற்றின் பலமும் கல்லின் பலமும் சேர்ந்ததுதான் உடும்புப் பிடி. பல்லியைப் போல் வால் அறுத்துத் தப்பவும் அதற்குத் தெரியாது. வால் போனால் திரும்ப முளைக்காது. அந்த வாலால் சாட்டை போல அடிக்கும், கடிக்கவும் செய்யும். "உடும்பு வேண்டாம், கையை விட்டால் போதும்" என்று முன்னோர் சொன்னது அனுபவித்துச் சொன்னதாகவே தோன்றுகின்றது. கடி பட்டால் சவர்க்காரமும் நிறையத் தண்ணீரும் கொண்டு காயத்தைக் கழுவி, ஏற்பு ஊசிக்காக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

விவசாயிக்கு முக்கியமான கேள்விக்கு வருவோம். உடும்பு எமக்கு நண்பனா, கள்வனா?

வோல்டர் ஓபென்பேர்க் என்ற அமெரிக்கப் பேராசிரியர் இந்த இனத்தைப் பல நாடுகளில் நீண்ட காலம் ஆராய்ந்து 1994இல் ஒரு பெரிய நூலை வெளியிட்டார். உடும்பின் உணவில் வண்டுகளும் அவற்றின் புழுக்களும் மற்றப் பூச்சிகளுமே மிகப் பெரும் பங்கு என்பதை அவரது ஆராய்ச்சி காட்டுகின்றது. நத்தை, நண்டு, தவளை, எலிக்குஞ்சு, பறவை முட்டை, சிறு பாம்பு எல்லாம் அதற்குப் பிறகுதான். காலையில் மாட்டுப் பட்டிப் பக்கம் உடும்பு வந்து சாணிக்குவியலைக் கிளறினால் அது புழு தேடுகின்றது என்று அறிந்துகொள்ளுங்கள். எருக்கும்பியில் புழுவாக வளர்ந்து வரும் கொம்பன் வண்டு தென்னைக்கும் பனை வடலிக்கும் எவ்வளவு கேடு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பிராணி கூலி வாங்காமல் அந்தக் கும்பியைக் கிளறித் தின்னுமாக இருந்தால் நாம் ஏன் அதைத் துரத்த வேண்டும்?

நண்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கட்டுக்கரைக்குளத்துக்குத் தண்ணீர் அருவியாற்றில் தேக்கம் அணைக்கட்டிலிருந்து வருகின்றது. குளத்திலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து வயல். வரண்ட பிரதேசத்தில் ஒவ்வொரு வயலுக்கும் அந்தத் தண்ணீர் எவ்வளவு பெறுமதியானது என்பது சிறுபோகம் செய்பவருக்குத் தெரியும். வரம்பில் வயல் நண்டு துளை போட்டால் ஓர் இரவில் அந்தத் தண்ணீர் அடுத்தவன் வயலுக்கோ கழிவு வாய்க்காலுக்கோ போய்விடும். நண்டைத் தின்பதில் உடும்பை விடக் கபரகொய்யா கெட்டிக்காரன். வயல் வரம்பைக் காப்பாற்றுகிறது என்பதனாலேயே இலங்கை விவசாயிகள் கபரகொய்யாவைக் கொல்லாமல் விட்டனர் என்று வெள்ளைக்காரர் காலத்து எழுத்துக்களிலேயே குறிப்பு இருக்கின்றது. நண்டுக்கு நஞ்சு போடுவதை விட இந்த வழி மலிவானது. வாய்க்கால் மீனும் சாகாது.

மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. உடும்பு கோழி முட்டை தின்னும். குஞ்சும் தின்னும். வாழ்வாதார உதவியாகப் பத்துக் கோழிக்குஞ்சு பெற்ற தாய் ஒருத்திக்கு, அதில் நான்கை உடும்பு கொண்டுபோனால், வண்டுப் புழுவைப் பற்றிய எனது விளக்கம் எந்த ஆறுதலையும் தராது. அவளது நட்டம் உண்மையான நட்டம். அதற்கு என்ன செய்யலாம் என்பதைப் பின்னர் பார்ப்போம்.

இப்போது முட்டையின் கதை. இணை சேரும் காலத்தில் ஆண் உடும்புகள் இரண்டு பின்காலில் எழுந்து நின்று, ஒன்றையொன்று கட்டிப்பிடித்து மல்லுக்கட்டும். இதைக் கண்டு ஆணும் பெண்ணும் என்று நினைப்பவர் பலர். உண்மையில் இரண்டும் ஆண்கள். தள்ளி விழுத்தியவன் வென்றவன். பெண் உடும்பு ஏறக்குறைய 20 முட்டை இடும். சிலவேளை 30 வரையும் போகும். கோழிமுட்டை போலக் கெட்டியான கோது அதற்கு இல்லை. தோல் போன்ற மெல்லிய உறை. மண்ணில் குழி தோண்டி இட்டு, மண்ணைத் தள்ளி மூடி, மூக்கால் அழுத்தி இறுக்கும். போதாதற்கு, பக்கத்தில் இரண்டு மூன்று பொய்க் குழிகளும் தோண்டி மண்ணைச் சிதறிவிட்டுப் போகும். கீரியையும் நரியையும் ஏமாற்றவே இந்த ஏற்பாடு. அதன் பிறகு தாய் அந்தப் பக்கம் காவலுக்கு நிற்பதில்லை.

முட்டை பொரிக்க 5 முதல் 8 மாதம் வரை எடுக்கும். கோழிக்கு 21 நாள், உடும்புக்கு அரை வருடத்துக்கும் மேல்! இவ்வளவு காலம் மண்ணுக்குள் இருக்கும் மெல்லிய முட்டை வெயிலில் வறண்டுவிடக் கூடாது, மழையில் அழுகிவிடவும் கூடாது. அதற்கு மிகப் பொருத்தமான இடம் கறையான் புற்று. கறையான் தனது புற்றின் உள்ளே ஈரத்தையும் சூட்டையும் ஓரளவு ஒரே சீராக வைத்திருக்கும். மழைநீர் உள்ளே இறங்காது. உடும்பு புற்றைத் தோண்டி உள்ளே முட்டையிட்டுவிட்டால், துளையை அடைக்கும் வேலையையும் கறையானே பார்த்துக்கொள்ளும். ஆகவே வெளியே பார்க்க வெறும் மண்மேடு போலத் தோன்றும் புற்றுக்குள், வருடத்தின் பெரும் பகுதியில் ஏதோ ஒரு கட்டத்தில் முட்டைகள் இருக்க இடமுண்டு. எமது சைவ உறவினர்கள் நாகத்தை நினைத்துப் புற்றை இடிக்கத் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தால் உடும்புக்கும் பாதுகாப்புக் கிடைத்து வந்திருக்கின்றது. டோசருக்கு அந்தத் தயக்கம் இல்லை.

பொரித்து வரும் குஞ்சு பெரிதாகி முட்டையிடுவதற்கு ஏறக்குறைய மூன்று வருடம் தேவை. முயல், பன்றி போன்று விரைவாகப் பெருகும் இனமல்ல உடும்பு. சினை உடும்பின் இறைச்சிக்கும் முட்டைக்கும் வேட்டைக்காரரிடம் ஆசை அதிகம். அப்படி ஒன்றை அடித்தால் இருபது உடும்பை அடித்த கணக்கு.

இறைச்சியைப் பற்றிப் பேசும்போது எனக்குச் சற்றுத் தயக்கம் உண்டு. காட்டோரத்தில் தறப்பாளின் கீழ், நிவாரண மா வருமா வராதா என்று காத்திருந்த நாட்களில், உடும்பு அடித்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தவர்கள் எமது வாசகரிலும் இருப்பார்கள். பசித்த பிள்ளைக்கு முன்னால் சட்டப் புத்தகத்தை விரித்துக் காட்டுபவன் நல்ல மேய்ப்பன் அல்ல. அந்த நாட்களைப் பற்றி நான் எவரையும் குறை சொல்லப் போவதில்லை. ஆனால் இன்று பட்டணத்திலிருந்து வாகனத்தில் வருபவருக்குப் பிடித்துக் கொடுப்பதும், விருந்துக்கென்று சொல்லி வைத்து வாங்குவதும் பசியால் நடப்பவை அல்ல.

மருந்து என்ற பெயரில் நடப்பவையும் பல. தென்னிலங்கையில் உடும்பின் நாக்கைப் பச்சையாக விழுங்கினால் பிள்ளை சொல்வன்மை பெறும் என்றொரு நம்பிக்கை உண்டு. பிள்ளை நன்றாகப் பேச வேண்டுமானால் வாசிக்கப் புத்தகம் கொடுப்பது நல்லது. உடும்பு எண்ணெய் மூட்டு நோவைத் தீர்க்கும் என்பதற்கும் மருத்துவ ஆதாரம் இல்லை. இந்தியாவில் இன்னொரு மோசடி 2017இல் அம்பலமாகியது. அதிர்ஷ்டம் தரும் அபூர்வ வேர் என்று இணையத்திலும் விற்கப்பட்ட பொருளை ஆராய்ந்தபோது, அது ஆண் உடும்பின் குறியை வெட்டி உலர்த்தியது என்று தெரியவந்தது. பூசையறையில் வைத்து வணங்கியவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள்! தோலுக்காகக் கொல்லப்பட்டவையோ கணக்கில்லாதவை. கைப்பைக்கும் செருப்புக்கும் கப்பல் கப்பலாகப் போயின. கர்நாடக இசையின் கஞ்சிராவுக்கும் உடும்புத் தோலே போர்த்தப்பட்டு வந்தது. இப்போது ஆட்டுத் தோலிலும் செயற்கைத் தோலிலும் கஞ்சிரா செய்கிறார்கள்.

சட்டத்தின் நிலை இது. 1937ஆம் ஆண்டின் விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் பின்வந்த திருத்தங்களும் உடும்பைப் பாதுகாக்கப்பட்ட பிராணியாக வைத்திருக்கின்றன. கொல்வது, பிடிப்பது, இறைச்சியை வைத்திருப்பது, விற்பது எல்லாம் குற்றம். 1975இல் நடைமுறைக்கு வந்த சைட்டீஸ் என்ற சர்வதேச உடன்படிக்கையின் முதலாம் அட்டவணையிலும், அதாவது மிகக் கடுமையான அட்டவணையில், தரை உடும்பு இருக்கின்றது. இலங்கை 1979இல் அவ்வுடன்படிக்கையில் சேர்ந்தது. மேலும், 1968இல் சரணாலயமாக்கப்பட்ட மடு வீதிக் காடு 2015இல் தேசிய பூங்காவாகத் தரமுயர்த்தப்பட்டது. அதன் எல்லையோரம் காணி உள்ளவர்கள் எல்லைக்கல் எங்கே நிற்கிறதென்று கிராம அலுவலரிடமோ வனசீவராசிகள் உத்தியோகத்தரிடமோ கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும். உடும்பு வழக்கில் அகப்பட்டு நீதிமன்றத்துக்கு அலைவது எப்போதும் ஏழைக் கமக்காரனே. சொல்லி வைத்து வாங்கியவன் அகப்படுவதில்லை.

இனிக் காணி வெட்டும் விடயம். முழுக் காணியையும் காடாக விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. வயலுக்கு வேண்டிய நிலத்தை வெட்டத்தான் வேண்டும். ஆனால் பெரும்பாலான காணிகளில் எப்படியும் உழ முடியாத ஒரு துண்டு இருக்கும். பாறை முதுகு காட்டும் இடம், குளக்கட்டின் அடி, வேலி மூலை. டோசர் வருமுன் ஒரு நாள் காலையில், வெயில் ஏறும் நேரத்தில், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு காணியைச் சுற்றி நடந்து பாருங்கள். புற்று எங்கே, பிளவுள்ள பாறை எங்கே, பொந்துள்ள முதுமரம் எங்கே என்று பார்த்து, விடக்கூடியவற்றுக்கு ஒரு சிவப்புத் துணி கட்டுங்கள். சாரதிக்கு நின்று விளக்கம் சொல்லும் நேரம் மிச்சம்; காசும் மிச்சம். வயலின் நடுவில் புற்று இருந்தால் அகற்றத்தான் வேண்டியிருக்கும். அப்போதும் இயந்திரத்தால் மிதிக்காமல் மண்வெட்டியால் பக்கத்திலிருந்து வெட்டிப் பார்ப்பது நல்லது. முட்டைகள் கண்டால் சில மாதங்கள் பொறுக்க முடியுமா என்று யோசியுங்கள். வெட்டிக் குவித்த பற்றைக்குத் தீ வைப்பதாக இருந்தால், குவித்த அன்றோ மறுநாளோ வையுங்கள். பச்சை விறகு எரியாது என்றால் குவியலைக் காணிக்கு வெளியே ஒதுக்கிவிட்டு உக்கவிடுங்கள். ஒரு கிழமை கிடந்த குவியல் உடும்புக்கும் பாம்புக்கும் கீரிக்கும் வீடாகிவிடும். அதற்குப் பிறகு வைக்கும் தீ, குடியிருக்கும் வீட்டுக்கு வைக்கும் தீ.

கோழிக்கு வருவோம். உடும்பு பகலில் மட்டும் நடமாடும் பிராணி. ஆகவே இரவில் கோழி காணாமற் போனால் உடும்பின் மேல் பழி போடாதீர்கள். மரநாயையோ காட்டுப் பூனையையோ தேடுங்கள். பகல் நேரத்து நட்டத்துக்குக் கீரியும் பருந்தும் காகமும் பங்காளிகள். உடும்பின் வேலையா என்று அறிய மண்ணைப் பாருங்கள். நகம் பதிந்த அடிகளுக்கு நடுவே வால் இழுபட்ட கோடு வளைந்து வளைந்து போயிருக்கும்.

முட்டையைக் காலையிலும் மத்தியானத்திலும் எடுத்துவிட்டால் அது தேடி வருவது குறையும். இரண்டொரு முறை முட்டை கண்ட இடத்துக்கு உடும்பு திரும்பத் திரும்ப வரும். காணாவிட்டால் வேறு பக்கம் போகும். பற்றைக்குள் முட்டையிடும் கோழியை அடைத்து, கூட்டில் வைக்கோல் வைத்துப் பழக்குங்கள். குஞ்சுகளை முதல் ஆறு கிழமையும் சிறுகண் கம்பிவலை போட்ட கூட்டுக்குள் வைத்திருக்க வேண்டும். வலையின் அடியை ஒரு முழ ஆழத்துக்கு மண்ணில் புதைக்காவிட்டால் அது தோண்டிக்கொண்டு உள்ளே வந்துவிடும். கூட்டைக் கால் நட்டு உயர்த்தினால் மட்டும் போதாது, உடும்புக்கு மரம் ஏறத் தெரியும். எண்ணெய் ரின்னை வெட்டி விரித்த தகரத்தை ஒவ்வொரு காலையும் சுற்றி ஒரு முழ உயரத்துக்கு ஆணி அடித்துவிட்டால் வழுவழுப்பில் நகம் பிடிக்காது. பாறையில் இறுகும் அதே நகம் தகரத்தில் தோற்றுவிடும்.

இவ்வளவும் செய்த பிறகும் ஒரு நாள் உடும்பு கூட்டுக்குள் அகப்பட்டுவிட்டால் தடியை எடுக்காதீர்கள், வாலைப் பிடிக்கவும் வேண்டாம். நாயைக் கட்டுங்கள். கோழிகளைத் திறந்து விட்டு, கதவை அகலத் திறந்து வைத்து, எல்லோரும் தள்ளி நில்லுங்கள். அது நாக்கை நீட்டி வழியைத் தேடி, வந்த பக்கமே போய்விடும். வயிற்றில் முட்டை நிறைய இருந்தால் சற்று நேரம் எடுக்கும்.